மழைக்குச் சட்டை போட்ட புகைப்பெட்டி

பனி கொட்டும் நாடுகளில் மின்சார ஸ்மோக்கர், அதாவது இறைச்சியைப் புகையூட்டி வேகவைக்கும் பெட்டி, வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் அதற்குப் போர்வை தேடுவார்கள். காற்று உறைநிலைக்குப் போய்விட்டால் மெல்லிய தகரப் பெட்டிக்குள் சூடு தங்காது. கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம் நிற்கிற பெட்டிக்கு அந்தக் கவலை எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இங்கே விடியற்காலையில்கூட வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பெட்டியைக் குளிர வைப்பது காற்று அல்ல, தண்ணீர். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு வந்து இறங்குகிறதே, அந்தத் தண்ணீர்.

என்னுடையது 800 வாட் சூடேற்றி பொருத்திய, ஒற்றைத் தகட்டுச் சுவர் உள்ள சாதாரணப் பெட்டி. வெயில் நாளில் 110 டிகிரிக்கு ஏறி அங்கேயே நிற்கும். சாரல் பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கினால் சூடேற்றி ஓயாமல் எரிந்தாலும் உள்வெப்பம் 80-க்கு வந்துவிடும். மேலே கூரை இருக்கிறது; ஆனால் நம் ஊர் மழை நேராக விழும் மழையா என்ன? காற்றோடு சாய்ந்து வருகிறது, சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறித்து அடிப்பக்கத்தையும் நனைக்கிறது. பெட்டியை அடுக்களைக்குள் இழுத்துப்போகவும் முடியாது. மரத்தூள் கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவை வீட்டுக்குள் விட்டு விளையாடக் கூடாது.

தண்ணீர் இவ்வளவு சூட்டை எப்படிக் குடிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 800 வாட் சூடேற்றி 50 நிமிடம் முழுமூச்சாக எரிந்தால் கிடைப்பது அவ்வளவுதான். தகட்டின்மேல் ஒரு லிட்டர் காய்வதற்கே முக்கால் மணிக்கு மேற்பட்ட உழைப்பு வீண். ஆவியாகாமல் வழிந்தோடும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவது தனி. வெளிக்காற்று 30-லிருந்து 24-க்கு இறங்கினால் ஏற்படும் இழப்பு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சமையல் தாமதமாகிறது என்பதோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். இறைச்சியின் உட்பகுதி 60 டிகிரியைத் தாண்டும்வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆட்டுத்தொடை போன்ற கனமான துண்டு அந்த எல்லைக்குக் கீழேயே மணிக்கணக்கில் கிடந்தால் அதைச் சாப்பிடக் கொடுக்க எனக்கு மனம் வராது. போதாக்குறைக்கு, தீபாவளி வருவதே அக்டோபர், நவம்பரில். இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில்தான் மாலை மழை தவறாமல் வரும். வீட்டில் புகையூட்டிய ஆட்டிறைச்சிக்கு ஆள்கள் காத்திருப்பதும் அப்போதுதான்.

ஆகவே பெட்டிக்குச் சட்டை தைப்பது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஏர்கண்டிஷன் பொருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சூட்டை வெளியே நிறுத்திக் குளிரை உள்ளே காப்பதில் வாழ்நாள் போனவர். வேலையைத் தலைகீழாகச் செய்யப்போகிறேன் என்றதும் உற்சாகமாகி, குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரை ஒரு சுருள் கொண்டு வந்துவிட்டார். பார்க்கப் பொருத்தமாக இருந்தது. ஆனால் அந்த நுரை தாங்குவது 105 டிகிரி வாக்கில்தான். சூடேற்றிக்கு அருகில் என் பெட்டியின் வெளித்தகடே அதைத் தாண்டும். பாலிஸ்டைரீன் அட்டை 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும். ஹார்ட்வேர் கடையில் கூரைக்கு விற்கும் பளபளப்பான குமிழித் தாளின் உள்ளே இருப்பது பிளாஸ்டிக். மூன்றையும் தள்ளிவிட்டு ராக்வுல் பலகை வாங்கினேன். பாறையை உருக்கிக் கம்பளிபோல இழையாக்கிச் செய்வது; 600 டிகிரி என்றாலும் அசையாது. 25 மில்லிமீட்டர் தடிமன், ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது.

"தம்பி, எல்லாம் சரி. நனைந்துவிட்டால் இது கம்பளி இல்லை, ஈரச் சாக்கு. அதை மறந்துவிடாதீர்கள்" என்றார் அண்ணன்.

இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் செய்த வேலை முழுக்கப் பாழ். அதனால் ராக்வுல் வெட்டுவதில் போன நேரத்தைவிட அலுமினிய நாடா ஒட்டுவதில் போன நேரமே அதிகம். அண்ணன் ஒட்டும் முறையை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதலில் தாளைத் துணியால் துடைப்பார். நாடாவின் முதுகுத்தாளை ஒரு சாண் அளவுக்குமேல் உரிக்க மாட்டார். இரண்டு பலகை சேரும் கோட்டின்மேல் நாடாவின் நடுப்பகுதி வரும்படி வைத்து, தேக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார். சுருக்கம் எல்லாம் மறைந்து, அடியில் இருக்கும் தாளின் நெசவு நாடாவின் மேலே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடியும் தேய்ப்பார். நான் ஒட்டிய மூலையை உரித்துப்போட்டுவிட்டுத் தானே ஒட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

ராக்வுல்லைத் தொடுகிறவர்கள் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொட வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையா என்று தோன்றும். தோலில் ஏறிய இழை இரவெல்லாம் அரிக்கும்போது அந்தக் கேள்வி எழாது.

ராக்வுல்லின்மேல் துத்தநாகம் பூசிய தகரத்தை மடித்து உறையாகப் போட்டோம். உச்சியில் சுற்றிலும் நான்கு விரல் அகலம் வெளியே நீளும் தொப்பி. அடியில் தகரம் தரையைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கிறது. தப்பித்தவறி உள்ளே போகும் தண்ணீர் வழிந்துவிடும். மேலே உள்ள புகைப்போக்கி, கீழே உள்ள காற்றுத் துளை, பின்புறக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய மூன்றையும் மூடவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்துப் போர்த்தினால் அதன் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை வெந்துபோகும்.

மச்சான் உரிமம் பெற்ற வயர்மேன். மின் இணைப்பை அவரிடமே விட்டேன். மழை புகாத வெளிப்புற சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம். வயர் சாக்கெட்டுக்குள் நுழைவதற்கு முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விட்டிருக்கிறார். வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சூடேற்றியின் இணைப்பு முனைகள் கறுத்திருந்ததைப் பார்த்து அவற்றையும் மாற்றினார். "மச்சான், தகரத்துக்கும் எர்த் கொடுத்திருக்கிறேன். இனிமேல் இதில் கை வைப்பதாக இருந்தால் என்னைக் கூப்பிட்டுவிட்டுக் கை வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த பெருமழையில் உள்வெப்பம் 108-க்கும் 111-க்கும் இடையில் நின்றது. அளந்தது பெட்டியோடு வந்த வெப்பமானியால் அல்ல. அது பின்சுவரில் ஒட்டிக்கொண்டு தனக்குப் பிடித்த எண்ணைக் காட்டும். ஜாலான் பாசாரில் மின்னணுப் பொருள் கடை ஒன்றில் வாங்கிய வெப்பஉணரியை இறைச்சித் தட்டின் உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மழையில் ஓயாமல் எரிந்த சூடேற்றி இப்போது நான்கில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. வெளித்தகரத்தில் உள்ளங்கையைத் தாராளமாக வைக்கலாம்.

சூடு தங்கியது, புகை போய்விட்டது. இந்தத் திருப்பத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த வகைப் பெட்டிகளில் மரச்சில்லுத் தட்டு சூடேற்றிக்கு நேர் மேலே இருக்கும். சூடேற்றி எரிந்தால்தான் சில்லு கனலும். சூடு வெளியேறாத பெட்டியில் சூடேற்றிக்கு ஓய்வு அதிகம், சில்லு கருகாமல் சும்மா கிடக்கும். கோழி நன்றாக வெந்திருந்தது, ஆனால் அடுப்பில் வைத்து எடுத்த கோழிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு?

புகையையும் சூட்டையும் பிரித்துவிட்டேன். துளையிட்ட எஃகுக் குழாயில் மரத்தூளை நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்தால், அது சூடேற்றியின் தயவு இல்லாமல் தானாகவே கனன்றுகொண்டு போகும். ரவாங்கில் சித்தப்பா வீட்டில் வெட்டிப்போட்ட ரம்புத்தான் கிளைதான் என் மரம். நம் காற்றின் ஈரப்பதத்துக்கு மரத்தூள் இரண்டே நாளில் நமத்துவிடும், நமத்த தூள் பாதியில் அணையும். இறைச்சி வைப்பதற்கு முன் காலிப் பெட்டியில் அதைத் தட்டில் பரப்பிச் சூட்டில் உலர்த்தி எடுத்தால் சிக்கல் இல்லை.

இறைச்சியில் இருந்து வரும் நீராவியும் இப்போது உள்ளேயே சுற்றுகிறது, கோழித்தோல் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. புகைப்போக்கியை முழுக்கத் திறந்து வைத்தால் ஓரளவு சரியாகிறது. எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு: சுவர் குளிராததால் புகை அதில் படிந்து தார் போல ஒழுகுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. முன்பெல்லாம் மழை நாளில் இறைச்சியின்மேல் கறுப்புச் சொட்டு விழும், கசக்கும்.

தாத்தா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் இருந்தது. ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, 60 டிகிரிக்கு மிகாமல் நாள்கணக்கில் ரப்பர் விறகின் புகையில் வைத்திருப்பார்கள். அடைமழையிலும் அங்கே வேலை நின்றதில்லை என்பார் அப்பா. ராக்வுல்லும் வெப்பஉணரியும் இல்லாமல் அதைச் சாதித்தவர்களை நினைத்தால், என் தகரத் தொப்பியைப் பற்றிப் பெருமை பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கதவு வேலை மிச்சம். கொக்கி இல்லாத கீழ் மூலையில் புகை கசிகிறது, அங்கே மட்டும் வெப்பம் நாலைந்து டிகிரி குறைவாகவும் இருக்கிறது. 200 டிகிரிக்கு மேல் தாங்கும் சிலிகான் விளிம்புப்பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டாவது கொக்கியும் தயார். பழைய பட்டையின் பசையைச் சுரண்டி எடுத்து, அந்த இடம் நன்றாகக் காய்ந்தபின் ஒட்ட வேண்டும். அதற்குத் தொடர்ந்து வெயில் அடிக்கும் ஒரு நாள் வேண்டும். அக்டோபர் மாதத்தில் அது கிடைத்தால் பார்ப்போம்.