பள்ளிக்கூடம் போகாமல் மருத்துவப் படிப்புக்கு: எங்கள் மகளின் ஐந்து வருடம்

2020 மார்ச்சில் இங்கிலாந்தில் பள்ளிகளை மூடினார்கள். அதுவரை தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுதுகொண்டு கிளம்பிய பெண், வீட்டு மேசையில் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது "அம்மா, நான் போகலம்மா" என்றாள். அப்போது அவளுக்கு வயது 13. நானும் அவள் அப்பாவும் ஒரு வாரம் தூங்காமல் பேசி முடிவெடுத்தோம்.

வீட்டுக்கல்வி இங்கே சட்டப்படி சரிதான். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பள்ளியிலோ வேறு வகையிலோ தருவது பெற்றோர் கடமை என்கிறது. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியதும் பெயரை எடுத்துவிட்டார்கள். சில வாரம் கழித்து உள்ளூராட்சியிலிருந்து என்ன படிக்கிறாள் என்று கேட்டு எழுதினார்கள், நான்கு பக்கத்தில் பதில் அனுப்பினேன். அவ்வளவுதான்.

அவளுக்கு டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் 15 வயதில்தான் வந்தது. பாடம் எங்களுக்குச் சிரமமாக இல்லை. நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரியான ஐஜிசிஎஸ்இ-யில் எழுத்துத் தேர்வை மட்டும் வைத்தே முடிக்கக்கூடிய பாடங்களைத் தேர்ந்தெடுத்து, தனித்தேர்வராக இரண்டு வருடத்தில் பிரித்து எழுதினாள். கட்டணம் முழுக்க எங்கள் கையிலிருந்துதான்.

எங்களைப் படுத்தியது ஏ லெவல், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முன்பு எழுதும் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரியான தேர்வு. அதிலும் வேதியியல், உயிரியல் செய்முறை. இங்கிலாந்து ஏ லெவலில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு சேராமல், குறைந்தது 12 செய்முறைகளைச் செய்து காட்டியதற்குத் தனியாக 'பாஸ்' தருவார்கள். எழுத்துத் தேர்வில் மிக உயர்ந்த தரமான ஏ ஸ்டார் வாங்கினாலும் இந்தப் பாஸ் இல்லையென்றால் பல மருத்துவப் பள்ளிகள் எடுக்காது. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, வகுப்போடு வகுப்பாக நடந்துவிடும். தனித்தேர்வருக்கு அதைச் செய்துதர ஒரு தேர்வு மையம் வேண்டும். ஒரு மையம் போனில் சரி சரி என்று சொல்லி, ஜனவரியில், தேர்வுக்கு நான்கே மாதம் இருக்கும்போது, எழுத்துத் தேர்வு மட்டும்தான், செய்முறை கிடையாது என்று மின்னஞ்சல் அனுப்பியது. அன்று சமையலறையில் நின்று அழுதேன். அப்புறம் பதினேழு இடங்களுக்கு போன் போட்டு, ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி ஓர் ஊரில் இடம் பிடித்தோம். ஈஸ்டர் விடுமுறையில் அங்கே அறை எடுத்துத் தங்கி, காலை முதல் மாலை வரை டைட்ரேஷன், குரோமட்டோகிராபி, இதயத்தை அறுத்துப் பார்ப்பது என்று இரண்டு பாடத்தையும் முடித்தாள். செலவு ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. எதையுமே எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள், அதுவும் ஏ லெவல் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பரிந்துரைக் கடிதமும், தேர்வில் என்ன வாங்குவாள் என்று ஆசிரியர் முன்கூட்டியே கணித்துத் தரும் மதிப்பெண்ணும். இங்கே பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்; மருத்துவத்துக்கு அந்த விண்ணப்பம் அக்டோபர் 15-க்குள் போக வேண்டும், மற்ற படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. குடும்பத்தார் பரிந்துரை எழுதக்கூடாது. இரண்டு வருடமாக இணையத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர், கண்காணிப்பில் மாதிரித் தேர்வுகள் வைத்து, அந்தத் தாள்களின் அடிப்படையில் மதிப்பெண்ணையும் கணித்து, பரிந்துரையும் எழுதினார். அவர் இல்லையென்றால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன் பதினொரு மருத்துவப் பள்ளிகளுக்கு எழுதி, வீட்டுக்கல்வி மாணவரை எடுப்பீர்களா, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டோம். தெளிவாகப் பதில் சொன்னவற்றில் நான்கைத்தான் தேர்ந்தெடுத்தாள், மருத்துவத்துக்கு நான்கு இடத்துக்குமேல் போட முடியாது. மருத்துவப் பள்ளிகள் கேட்கும் யூகேட் என்ற நுழைவுத் தேர்வை ஆகஸ்டிலேயே எழுதியது நல்லதாயிற்று, மதிப்பெண் கையில் வந்த பிறகு எங்கே போடுவது என்று யோசிக்க முடிந்தது.

வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஆட்களோடு பழகத் தெரியாது என்பார்கள். லெஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் வாரம் இரண்டு பகல் போய்வந்தாள், பள்ளிப் பிள்ளைக்குப் பகல் நேரம் எங்கே கிடைக்கும்? அங்கே மறதி நோய் முற்றிய ஒரு குஜராத்திப் பாட்டி. ஆங்கிலம் முழுக்க மறந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. இவள் பத்துப் பதினைந்து குஜராத்திச் சொற்களைக் கற்றுக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, குளிருகிறதா என்று கேட்பாள். நேர்காணலில் மேசை மேசையாக மாறி மாறிக் கேட்டபோது ஓரிடத்தில் இந்தப் பாட்டியைப் பற்றித்தான் பேசினாள். வெளியே வந்து "அவங்க என்னைப் பள்ளிக்கூடம் பத்திக் கேக்கவே இல்லம்மா" என்றாள்.

நான்கில் இரண்டு இடம் நேர்காணலுக்கே அழைக்கவில்லை. ஒன்று நேர்காணலுக்குப் பிறகு மறுத்தது. இன்னொன்று, ஏ லெவலில் மூன்று ஏ வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் தந்தது. 2025 ஆகஸ்டில் முடிவு வந்த காலை, அவள் மதிப்பெண்ணைப் பார்த்துக் கத்தினாள். நான் தாளை வாங்கி, வேதியியலுக்கும் உயிரியலுக்கும் பக்கத்தில் 'பாஸ்' என்று இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இரண்டிலும் இருந்தது.