சான்றிதழில் எழுதிய வார்த்தை

ராத்திரி மூன்று மணி இருக்கும். பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவுகிறேன். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுகிறான், கால் நகரவில்லை. அம்மா எழுந்து வந்து குழாயை மூடினார். அன்றைக்குப் பிள்ளைக்கு நாற்பதாவது நாள்.

"பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றுதான் அதுவரை எல்லோரும் சொன்னார்கள். முதல் பத்து, பதினைந்து நாள் அழுகை நிறையப் பேருக்கு வந்து போகும். எனக்குப் போகவில்லை. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. பத்தியச் சோறு தொண்டையில் இறங்காது. இவன் வேறு யாருக்காவது பிறந்திருக்கலாம் என்று தோன்றும், அப்படித் தோன்றிவிட்டதே என்று அதற்கும் அழுவேன்.

45 நாள் ஊசிக்குப் போனபோது என் டாக்டரையும் பார்த்தோம். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தது என்று. மார்க் கூடினால் மனச்சோர்வு கூட என்று அர்த்தம். எனக்கு 30க்கு 19 வந்தது. பத்தாவது கேள்வி, நம்மை நாமே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. 'எப்போதாவது' என்று டிக் அடித்தேன். அதைப் பார்த்ததும் கணவரை உள்ளே கூப்பிட்டார்.

மனநல டாக்டரிடம் நான்கு நாள் கழித்துத்தான் அப்பாயின்ட்மென்ட். நடுவில் ஒரு ராத்திரி தாங்க முடியாமல் போய், கணவர் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் போட்டார். தமிழிலேயே பேசினார்கள். அப்புறம் தைராய்டு டெஸ்ட், அதில் ஒன்றுமில்லை. மனநல டாக்டர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார். பாலில் போவது ரொம்பக் கொஞ்சம், பால் கொடுக்கலாம் என்றார். மாமியார் தாயத்து கொண்டுவந்தார். கட்டிக்கொண்டேன், மாத்திரையும் போட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

மாத்திரை பிடிக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை என்னைத் தாங்கியது தூக்கம்தான். பத்து மணிக்குப் பால் எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். மூன்று மணி வரை பிள்ளை கணவர் பொறுப்பு. சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம்! "தைரியமா இரு" என்று சொல்ல வந்த சொந்தக்காரர்களை அம்மா வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

26 வார லீவு முடியப்போனது. எனக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டும். அப்போதிருந்த மகப்பேறு சட்டத்தின் 10ஆம் பிரிவில், பிரசவத்தால் வந்த நோய்க்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் கூடுதலாக இருந்தது. "அது உடம்புக்கு முடியாதவங்களுக்கு" என்றார் ஆபீஸ் எச்ஆர். பயந்துபோய், சான்றிதழில் 'உடல் பலவீனம்' என்று எழுதித் தரச்சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன். "பலவீனம்னு எழுதினா எந்தப் பிரிவுலயும் வராதும்மா. இருக்கிறதை எழுதினாத்தான் கிடைக்கும்" என்று, 'பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு' என்றே எழுதினார். சட்டத்தில் உடம்பு, மனசு என்று பிரிக்கவில்லை என்று கணவர் அந்த வரியைக் கோடிட்டு அனுப்பினார். பத்து நாள் இழுத்தடித்து, கொடுத்தார்கள்.

திரும்பப் போன முதல் வாரம், மாத்திரையால் காலையில் தலை கிறுகிறுக்கும். டீம் லீடர் அக்கா ஒன்றும் கேட்கவில்லை, ஒன்பது மணி மீட்டிங்கைப் பதினொன்றுக்கு மாற்றினார். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. எங்கள் ஆபீஸில் ஐம்பது பேர் இல்லை, அதனால் குழந்தைக் காப்பகம் கிடையாது. ஃபைல் ரூமில் பால் எடுப்பேன். அதற்கு உள்தாழ்ப்பாள் போட வைத்ததும் அந்த அக்காதான்.

பக்கத்து சீட் பெண் அடுத்த மாதம் லீவில் போகிறாள். என்னென்ன வாங்கி வைக்கணும் என்று கேட்டாள். பட்டியல் சொல்லிவிட்டு, அவள் கணவனின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.