பழைய வேனுக்கு இரண்டாவது டீசல் டேங்க்

2024 ஏப்ரல் 7

படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிய எங்கள் பழைய டெம்போ டிராவலரை மணாலி வழியாக லடாக்கிலுள்ள லே வரை ஓட்டிச் செல்வதென்று முடிவாகிவிட்டது. அந்த வழியில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று, மணாலிக்கு அப்பால் உள்ள டாண்டி என்னும் ஊரின் பங்கில் எழுதிய பலகை ஊரறிந்தது. மலையில் இவ்வண்டி லிட்டருக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் தராது என்று வைத்துக்கொண்டால், 52 லிட்டருக்கு மேல் வேண்டும்; இருக்கும் டேங்கில் பயன்படுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கையிருப்புக்கான டீசலைக் கேனில் ஊற்றிப் படுக்கைக்கடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே சமைக்க வீட்டில் சம்மதமில்லை. எனக்கும்தான். ஆகவே வண்டிக்கடியில் இரண்டாவது டேங்க் ஒன்று பொருத்த நினைத்தோம்.

ஏப்ரல் 10

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடிதம் போயிருக்கிறது.

ஏப்ரல் 13

புதூர்ப் பட்டறையில் மிஸ்திரியுடன் பிற்பகல் முழுவதும் பேச்சு. நான் நினைத்திருந்தது எளிய ஏற்பாடு: இரண்டு டேங்குகள், நடுவில் ஒரு வால்வு, வேண்டியதைத் திருப்பிக்கொள்ளலாம். மிஸ்திரி ஒரே கேள்வி கேட்டார்: "ரிட்டர்ன் எங்க சார் போகும்?" டீசல் எஞ்சினின் பம்ப் தனக்கு வேண்டியதைவிட அதிகமாக இழுத்து, மிஞ்சியதை ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே அனுப்புகிறது, புதிய டேங்கிலிருந்து இழுத்துப் பழைய டேங்கில் திருப்பிவிட்டால், பழையது நிரம்பி மூடி வழியே வழியும். இழுக்கும் குழாயையும் ரிட்டர்னையும் ஒருசேரத் திருப்பும் ஆறு துளை வால்வு உண்டு. ஆனால் எஞ்சினுக்குப் போகும் வழியில் இணைப்புகள் கூடக் கூடக் காற்றுப் புகவும் இடம் கூடும்; பனிக்காற்றில் நின்று ஏர் எடுக்கும் வேலை எனக்கு வேண்டாம். எனவே எஞ்சின் பழைய டேங்கிலிருந்தே குடிக்கும். புதியது 12 வோல்ட் பம்ப் மூலம் பழைய டேங்கை நிரப்பிக்கொடுக்கும்.

ஏப்ரல் 25

அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் பட்டறை ஆட்களும் கலந்துவிட்டதால் வேலை இன்றுதான் தொடங்கியது. மதுரையில் சித்திரை மாதத்தில் எவரையும் அவசரப்படுத்துவது வீண். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு மலிவென்று ஒருவர் சொன்னார். துத்தநாகப் பூச்சு டீசலுடன் வினைபுரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைத் தேர்ந்தோம். வளைவுகளில் எண்ணெய் மொத்தமாக ஒரு பக்கம் பாயாதிருக்க, உள்ளே துளையிட்ட இரண்டு தடுப்புகள் உண்டு. கொள்ளளவு 40 லிட்டர். எண்ணெய் மட்டுமே சுமார் 33 கிலோ வரும், எனவே பின் அச்சுக்கு அப்பால் தொங்கவிடாமல், சேசிஸ் சட்டங்களுக்கிடையே, சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் இடம் குறித்தோம்.

மே 4

கத்திரி தொடங்கிய நாளிலேயே கசிவுச் சோதனை. மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்ததில் ஒரு மூலையில் குமிழ் வந்தது; டேங்கில் இன்னும் டீசல் படாததால் அங்கேயே மறுபடி வெல்டிங் வைக்க முடிந்தது. டீசல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.08 சதவீதம் விரியும். 20 டிகிரி ஏறினால் 40 லிட்டரில் அரை லிட்டருக்கு மேல் கூடுகிறது. விளிம்புவரை நிரப்பாமலிருக்க நிரப்புக் குழாயின் வாயைத் தாழ்த்தி, காற்றுப்போக்கியை உயரமாக வளைத்துவிட்டோம். நிரப்பும்போது நிலைமின்சாரத்தால் பொறி எழாதிருக்க, டேங்குக்கும் குழாய்க்கும் சேசிஸுக்கும் செம்பு வயரால் இணைப்பு உண்டு.

மே 11

பம்பை மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் மணிக்கு ஐந்தாறு லிட்டர்தான் எரிக்கும் என்பதால் வேகம் பிரச்சினையில்லை. நிறுத்த மறந்தால்தான் பிரச்சினை. ஆகவே விரலெடுத்தால் அணையும் அழுத்து சுவிட்சையே வைக்கச் சொன்னேன், கை வலித்தாலும் பரவாயில்லை. பம்ப் நின்ற பிறகும் எண்ணெய் தானாக வழிந்தோடாதிருக்க, குழாயின் முனை பழைய டேங்கின் மேற்பகுதியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே திறக்கும்.

மே 20

அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. அது வரும்வரை டேங்க் பட்டறையிலேயே இருக்கும். மறுத்துவிட்டால், டாண்டியில் பழைய டேங்கை முழுக்க நிரப்பி, கூரைக் கேரியரில் 20 லிட்டர் இரும்புக் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு போவோம்.