இடது முழங்கால்

மே 3, 2025

முழங்கால் மடிவது 48 பாகை. நேற்று 45.

இயன்மருத்துவர் கோணமானியின் ஒரு கையைத் தொடைக்கு நேராகவும் மற்றதைக் கணுக்கால் மொழிக்கு நேராகவும் பிடித்து வாசிக்கிறார். பள்ளிக்கூடக் கணிதப் பெட்டிக்குள் கிடந்த அதே சாமான்தான், இரண்டு கை முளைத்திருக்கிறது. 90 வந்தால் கதிரையில் ஒழுங்காக உட்காரலாம் என்றார். விமானத்தில் இருப்பதும் கதிரைதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மே 4

வயிற்றின் வலப்பக்கத்தில் ஊசி. இடப்பக்கத்தில் இனி இடமில்லை, நாவற்பழ நிறத்தில் ஐந்தாறு வட்டம். இரத்தம் உறையாமல் இருக்கத்தான் இது. தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து நேராக ஏற்ற வேண்டும். முதல் நாள் கை நடுங்கியது. இப்போது தொலைக்காட்சி பார்த்தபடியே ஏற்றுகிறேன்.

மே 6

சித்தி யாழ்ப்பாணத்தில் இருந்து எண்ணெய் அனுப்பியிருக்கிறார், முறிவு நெரிவு வைத்தியரிடம் வாங்கியது. இரவு பஸ்சில் வந்த போத்தல். கடதாசி, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் மறுபடி கடதாசி. தையல் போட்ட இடத்தில் பூசக் கூடாது என்றதும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "பூசாவிட்டால் பரவாயில்லை பிள்ளை, பக்கத்திலாவது வைத்துக்கொள்" என்றார். தலைமாட்டில் வைத்திருக்கிறேன். மூடி சரியாகப் பூட்டவில்லை. அறை முழுக்க வேப்பெண்ணெயும் வேறேதோ ஒன்றும் மணக்கிறது. கனவிலும் மணக்கிறது.

இன்றும் குதிரையில் இருந்து விழுந்த அந்தக் கணத்தையே எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூன்று வெடியா, ஒன்றா? நான் மூன்று கேட்டேன். லாயத்து அண்ணை ஒன்றுதான் என்கிறார். புதுவருடத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எந்தப் பிள்ளை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு சீனவெடியைக் கொளுத்திவிட்டுப் போகும்? ஒன்று என்றால் குதிரை டொபி துள்ளியது பயத்தில். குற்றம் யாருக்கும் இல்லை. மூன்று என்றால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எனக்கு நேரம் இருந்திருக்கிறது. கடிவாளத்தை ஒரு பக்கம் இழுத்து அவனை வட்டமாகத் திருப்பியிருக்கலாம். அதைத்தான் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்தார்கள்.

மே 7

ரயில் போகும்போது முழங்காலுக்குள் வைத்த தகடு அதிர்வது போல இருக்கிறது. டொக்டர் அப்படி இருக்க முடியாது என்கிறார். கடற்கரை ரயில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்று அவருக்கு என்ன தெரியும்?

மே 12, வெசாக்

லிஃப்ட் நின்றுவிட்டது. நாலாம் மாடிச் சிறை. பல்கனியில் கதிரையைப் போட்டு, காலை இன்னொரு கதிரையில் தலையணை வைத்து நீட்டிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பிள்ளைகள் கட்டிய வெளிச்சக்கூடு மழைக்கு நனைந்து ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. உள்ளே பல்ப் மட்டும் அசையாமல் எரிந்தது. காலி வீதியில் இலவசமாகக் கொடுக்கும் தன்சல் பந்தலில் இருந்து அம்மா இரண்டு கோப்பி வாங்கி வந்தார், நாலு மாடியும் நடந்து ஏறி. அறுபத்தெட்டு வயது. ஆறிப் போயிருந்தது. இரண்டையும் நானே குடித்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அங்கே படிக்கட்டு உண்டா?"

அக்கா இருப்பது கனடாவில், ஸ்காபரோவில், தரையோடு ஒட்டிய வீடு. நிலவறைக்கு இறங்கத்தான் படி. எனக்குத் தந்திருக்கும் அறை அந்த நிலவறைதான். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 18

அம்மா கஞ்சி காய்ச்சினார். குடித்தோம். பேசவில்லை.

மே 21, விடியப்புறம் 2.40

நித்திரை இல்லை. படிக்கக் கூடாததைப் படித்துவிட்டேன்.

பார்பரோ. 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியில் வென்ற குதிரை. இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில், ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பின்வலது கால் நொறுங்கியது. தகடும் திருகாணிகளும் வைத்து ஒட்டினார்கள். எலும்பு சேரத்தான் சேர்ந்தது. ஆனால் பாரத்தை மற்றக் கால்கள் தாங்க வேண்டி வந்ததில் நல்ல குளம்பு பழுதாகிவிட்டது. அடுத்த ஜனவரியில் கருணைக் கொலை செய்தார்கள். குதிரையால் என்னைப் போல மூன்று தலையணை வைத்துக்கொண்டு ஆறு வாரம் படுத்திருக்க முடியாது.

எனக்கு ஒரு தகடு, ஏழு திருகாணி. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பின் மேல்தளம் ஒரு பக்கம் அமிழ்ந்துவிட்டதால் அதை நெம்பி உயர்த்தி, இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து அடியில் நிரப்பியிருக்கிறார்கள். முழங்காலைவிட அந்த இடுப்பு அதிகம் நோகிறது. கடன் கொடுத்தவனின் வயிற்றெரிச்சல்.

டொபிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது நல்லதுதான். நல்லதுதான் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

மே 28

ஆறு வாரம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். இடது காலைத் தரையில் வைக்கலாம், ஆனால் 10 கிலோ மட்டும்.

10 கிலோ என்பது எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? குளியலறைத் தராசில் பழகச் சொன்னார்கள். வலது காலுக்கு அதே உயரத்தில் பலகை வேண்டும். அம்மா பழைய தொலைபேசி விபரக்கொத்துகள் இரண்டை எடுத்து வந்தார். இவ்வளவு காலமும் இவற்றை ஏன் எறியவில்லை என்று கேட்கவில்லை.

வலது கால் விபரக்கொத்தில், இடது கால் தராசில், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். முள் 4 இல் நின்றது. இன்னும் கொஞ்சம். 7. உள்ளங்கால் கூசியது, தரையையே மறந்துவிட்டது போல. 11. பயந்து தூக்கிவிட்டேன்.

இதே தராசில்தான் பெட்டியையும் நிறுக்க வேண்டும். 23 கிலோவில் இரண்டு.

மே 30

71. மழை. கடல் கறுத்துக் கிடக்கிறது. மனம் ஒன்றிலும் ஒட்டவில்லை.

ஜூன் 2

அக்கா வட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் கேட்கிறார், எத்தனை பாகை என்று. பங்குச் சந்தை நிலவரம் கேட்பது போல. ஓகஸ்ட் 5 இற்குள் இறங்க வேண்டும், மறந்துவிடாதே என்கிறார். மறப்பேனா? விசாவுக்கு எடுத்த மருத்துவப் பரிசோதனை ஓராண்டுக்குத்தான் செல்லும். அந்தத் தேதியைத்தான் தாளில் போட்டிருக்கிறார்கள். போன வருடம் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலை யாரும் கேட்கவில்லை. அப்போது அது என் முழங்கால் என்றே எனக்குத் தெரியாது.

டிக்கெட் ஜூலை 24. துபாய் வரை நாலரை மணித்தியாலம். அதற்குப் பிறகு பதினாலு.

ஜூன் 10, பொசன்

94! கதிரையில் உட்கார்ந்து மேசையில் சாப்பிட்டேன், ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். பிரண்டைத் துவையலும் இருந்தது. இரண்டு மாதமாக அது இல்லாத வேளையே இல்லை. நாக்கு அரித்தாலும் சரி, எலும்பு ஒட்ட வேண்டும்.

அக்காவிடம் 85 என்றேன். ஏன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

ஜூன் 12

முடி கொட்டுகிறது.

ஜூன் 19

ஓட்டோக்காரத் தம்பி இப்போது நிரந்தரமாகிவிட்டார். பின் இருக்கையில் குறுக்கே உட்கார்ந்து காலை நீட்டுவதற்கு எனக்கென்று ஒரு மெத்தை வைத்திருக்கிறார். குதிரையில் இருந்து விழுந்தேன் என்று முதல் நாள் அம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான் குதிரை நிபுணர்.

"அக்கா, இன்றைக்கு இங்கிலாந்தில் அஸ்கொட் பந்தயம். மூன்றாவது ஓட்டத்தில் சாம்பல் குதிரை ஒன்று ஓடுகிறது. நிறம் பார்த்துப் போடலாமா?"

நிறத்தில் ஒன்றும் இல்லை தம்பி என்றேன். பிறகு எதைப் பார்ப்பது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு குதிரை, அதுவும் பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்றது. காதைப் பாருங்கள் என்றேன். முன்னுக்கு நின்றால் கவனம், பின்னுக்கு ஒட்டிப் படுத்தால் கோபம், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் என்றால் உங்களையும் கேட்கிறது, பின்னால் வருவதையும் கேட்கிறது. புக்கிக் கடைத் தொலைக்காட்சியில் காது எங்கே தெரியும் என்று சிரித்தார்.

குதிரைப்பந்தயத் திடல் பக்கமாகப் போகச் சொன்னேன். 1893 இல் திறந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானம் இறங்கியது. இப்போது றக்பியும் கடைகளும். மகளிர் கல்லூரிக்கு வந்த காலத்தில் அந்த மண்டபப் படிகளைக் கண்டதாக அம்மா சொல்வார். குதிரையைக் கண்டதில்லை.

குதிரையைக் கண்டது அப்பாதான். நெடுந்தீவு. எனக்கு ஒன்பது வயதில் குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றிக் கூட்டிப் போனார். வெயிலில் ஒரு மட்டக்குதிரை தண்ணீர்த் தொட்டியில் மூக்கை வைத்தபடி எங்களைப் பார்த்தது. போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் விட்டுப்போனது என்றார் அப்பா. "விட்டுப்போனதா, மறந்துபோனதா?" என்று நான் கேட்டேனாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சாம்பல் வெல்லவில்லை.

ஜூன் 27

டொபியை விற்கப் போகிறார்களாம். "பதினாறு வயதாகிவிட்டது, வெடிச் சத்தத்துக்கு இப்போது நிற்கிறானில்லை" என்று லாயத்து அண்ணை எழுதியிருக்கிறார். இப்போது என்றால் எப்போதில் இருந்து? என்னால்தானா? யாருக்கு விற்கிறார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, படித்திருக்கிறார்.

ஜூன் 28

பதில் இல்லை.

ஜூலை 3

112. அக்காவிடம் 98.

எழுதிவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் குறைத்துத்தான் சொல்கிறேன். அக்கா பாவம், விமான நிறுவனத்தோடு மணிக்கணக்காகப் பேசி, காலை நீட்டக்கூடிய முன்வரிசை இருக்கைக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். டொக்டர் நான் போகலாம் என்கிறார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நடக்கட்டும், காலுறை போடட்டும், ஊசி ஒன்று ஏற்றிக்கொண்டு ஏறட்டும், அவ்வளவுதான். எல்லாரும் இந்தக் காலை விமானத்தில் ஏற்றப் பாடுபடுகிறார்கள். நான் மட்டும் அதன் கணக்கில் இருந்து பாகை பாகையாகத் திருடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா ஒரு தடவையும் "போகாதே" என்று சொன்னதில்லை. "அவசரப்படாதே" என்றுதான் சொல்கிறார். நேற்று இயன்மருத்துவர் 110 என்றபோது அம்மா பக்கத்தில்தான் நின்றார். மாலையில் நான் தொலைபேசியில் 96 என்று சொன்னபோதும் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து அரிசியில் கல் பொறுக்கினார். பக்கெட்டில் வரும் அரிசி. கல் இருக்காது.

ஜூலை 10

போயா, பௌர்ணமி விடுமுறை. லிஃப்ட் வேலை செய்கிறது, போக இடம் இல்லை.

ஜூலை 12

போனேன். ஓட்டோத் தம்பி வெயிலுக்கு முன் கூட்டிப்போய்விட்டார், காசு வாங்கமாட்டேன் என்று பிடிவாதம். தனக்கும் ஒரு தடவை குதிரையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம்.

டொபி இன்னும் அங்கேதான். முதலில் ஊன்றுகோலைத்தான் பார்த்தான். மேலுதட்டை நீட்டி, கீழே இருக்கும் கறுப்பு இறப்பர் முனையைத் தடவி, மெல்லத் தள்ளினான். பிறகு மூக்கால் என் தோளில் ஊதினான், சூடாக, வைக்கோல் மணத்தோடு. 450 கிலோ. நான் 52. அவனுடைய இடப்பக்கத்தில்தான் நின்றேன், ஏறும் பக்கத்தில். அங்கவடியில் வைக்க வேண்டியது இடது கால். சேணம் இல்லாமலே அங்கவடி எந்த உயரத்தில் தொங்கும் என்று கையால் அளந்து பார்த்தேன். 112 போதாது.

தம்பி தூரத்தில் நின்று காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு!"

அண்ணையிடம் மறுபடி கேட்டேன். ஒன்றுதான் தங்கச்சி, ஒன்றுதான் என்றார். வாங்குபவர் யார் என்று கேட்டதற்கு, இன்னும் முடிவாகவில்லை என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 15

சவாரிச் சப்பாத்து. வலது மட்டும்தான் இருக்கிறது. இடது சப்பாத்தை அன்றிரவு கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றினார்கள். ஒற்றைச் சப்பாத்தை அம்மா பூசி மினுக்கி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். இதை எதற்கு அம்மா என்றேன். "உன் சாமான்தானே" என்றார்.

ஜூலை 17

லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. ஒத்திகையாக இருக்கட்டும் என்று படியில் இறங்கினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். அம்மா எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்கினார். விழுந்தால் பிடிப்பாராம். நான் விழுந்தால் இரண்டு பேரும் போவோம் என்றேன். "சரி" என்றார். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்று இளைப்பாறினோம். அக்காவின் அழைப்பு வந்தது. தொலைபேசி அம்மாவின் கையில் இருந்தது, அவரே எடுத்தார்.

"நூற்றுப் பதினாறு" என்றார் அம்மா.

ஜூலை 18

முதல் பெட்டி 24.3. எதை எடுப்பது?