வெட்டிய நாற்பது விநாடிகள்

"ஒலி சரியாகப் பதிவாகலைம்மா" என்று அன்று நான் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மரபு விதைகளைக் காத்துவரும் ஒரு முதிய பெண் விவசாயியைப் பற்றிய ஆவணப்படம் அது. படத்தொகுப்பு என் பொறுப்பு. ஊரில் திரையிட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மக கூட ஃபோன்ல பேசினேனே தம்பி, அது எங்க?"

நாற்பது விநாடிக் காட்சி. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, விதை பொறுக்கும் விரல்கள் ஒரு கணமும் நிற்காமல், வரும் வாரம் மழை உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி மகளிடம் கேட்பார். அதை வெட்டிவிட்டு, அவர் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் காட்சியை மட்டும் வைத்தேன்.

பொய்யாக எதையும் நான் சேர்க்கவில்லை. வானத்தைப் பார்த்தவரும் அவர்தான். ஆவணப்பட முன்னோடியான அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்டி 1922-இல் வெளியான 'நானூக் ஆஃப் த நார்த்' படத்துக்காக, துப்பாக்கிக்குப் பழகிவிட்டிருந்த ஆர்க்டிக் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் வேட்டைக்காரர்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். 1934-இல் வந்த 'மேன் ஆஃப் அரன்' படத்துக்கோ, அயர்லாந்தின் அரன் தீவு மக்கள் எப்போதோ கைவிட்டிருந்த சுறா வேட்டையை அவர்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஃபிளாஹெர்டி இல்லாததைச் சேர்த்தார், நான் இருந்ததை எடுத்தேன். இரண்டு வழியிலும் திரையில் மிஞ்சியவர் மாறவே மாறாத ஒரு கிராமத்து மனிதர்தான்.

படம் 52 நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது உண்மை. அந்த இடத்தில் கைபேசி வந்தால் படத்தின் அமைதி குலைகிறது என்பதும் உண்மை. தொகுப்பாளனாக அந்த முடிவு முழுத் தவறு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். மூலப்பதிவில், பேச்சு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் தம் ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்து, பதிவானதைக் கேட்க வைக்கிறார். தம் குரலைக் கேட்டு அவர் சிரிக்கிறார். ஒலி நன்றாக இருந்தது அவருக்குத் தெரியும். தெரிந்தும் "சரி தம்பி" என்றார்.

பிறகு ஒருநாள் அந்த நாற்பது விநாடிகளைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். வானத்துக்கு முன்னால் வைத்தால், மகள் சொன்னதை நம்பாமல் வானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. பின்னால் வைத்தால், தம் கண்ணை நம்பாமல் மகளைக் கேட்பதுபோல் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நாட்களில் எடுத்தவை. எந்த வரிசை சரி என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், ஒலியைப் பற்றிச் சொன்னதைத் திருத்த வேண்டும். இன்னும் நான் போகவில்லை.