பேச்சிப்பாறையிலிருந்து தேங்காப்பட்டணம் வரை, சானல்கரை வழியாக

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரத்திற்குச் சைக்கிளில் போகிறேன் என்றால், “அந்த டாரஸ் லாரிகளுக்க எடையிலயா மக்கா?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேரளத்திற்குப் பாறாங்கல்லும் ஜல்லியும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் எங்கள் ஊர்ச் சாலைகளை அடைத்துக்கொண்டு ஓடுகின்றன. மதில் முடியும் இடத்திலேயே தார் தொடங்கிவிடுகிற இந்தச் சாலைகளில் சைக்கிள்காரன் ஒதுங்க ஓரம் என்று ஒன்று கிடையாது. அதனால் லாரி வராத வழிகளைத் தேடிக் குறித்து வைப்பது சில ஆண்டுகளாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. சென்ற டிசம்பரில் அவற்றில் சிலவற்றைக் கோத்து, அணையிலிருந்து கடல் வரை இரண்டு நாள் ஓட்டினோம். உடன் வந்தவன் களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையில் வளர்ந்த என் சித்தப்பா மகன். அவனுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும் என்பது இரண்டாம் நாளில் பயன்பட்டது.

பாசனக் கால்வாய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் சானல். விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் மேடும் பள்ளமுமான நாடு. குன்றின் மேல் ரப்பர், அதன் அடியில் ஒரு காலத்தில் நெல் விளைந்து இப்போது வாழை நிற்கும் ஏலா, மறுபடியும் ஒரு குன்று என்றே நிலம் போகும். பொதுச்சாலைகள் இந்தக் குன்றுகளின் முதுகில் ஏறி இறங்குவதால் இருபது கிலோமீட்டரிலேயே தொடை கழன்றுவிடும். சானலால் அப்படி ஏற முடியாது. தண்ணீர் தானாகவே ஓடியாக வேண்டும் என்பதால், அதை வெட்டியவர்கள் குன்றுகளின் இடுப்பைச் சுற்றி வளைத்து, கண்ணுக்குத் தெரியாத சரிவில் மைல் கணக்காகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதன் கரையில் ஒரு ஜீப் போகும் அகலத்துக்குக் கிடக்கும் பாதையில் தண்ணீரை எதிர்த்துப் போனாலும் ஏறுகிறோம் என்பதே தெரியாது. ஜூன் மாதம் திறக்கும் அணைகளைப் பிப்ரவரி முடிவில் மூடிவிடுவார்கள். ஆகவே நீரோடு ஓட்ட விரும்புகிறவர்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ வருவது நல்லது. அப்போது மழையும் ஓய்ந்திருக்கும், சானலிலும் தண்ணீர் இருக்கும்.

ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, திருவட்டாறு தாண்டியதும் பட்டணங்கால் சானலின் கரையைப் பிடித்தோம். விடிகிற நேரத்தில் அந்தப் பாதையில் எங்களோடு இருந்தவர்கள் படிக்கட்டில் துணி துவைக்க வந்த பெண்களும், மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும், சைக்கிளைக் கண்டாலே பிறவிப் பகை கொள்ளும் நாய்களும்தான். நாய்களுக்கு நான் கண்ட மருந்து, வேகமெடுக்காமல் இறங்கி உருட்டுவது. உருட்டுகிற மனிதனைத் துரத்துவதில் அவற்றுக்குச் சுவாரசியம் இல்லை.

இந்தச் சானல்தான் மாத்தூரில் பறளியாற்றின் பள்ளத்தாக்கைத் தொட்டிப் பாலத்தின் மேல் கடக்கிறது. காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் முடித்த வேலை. 28 தூண்கள், 115 அடி உயரம். சுற்றுலாப் பயணிகள் கீழே நின்று படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, படியேறி மேலே நடந்தோம். ஒரு பக்கம் நூறடிக்குக் கீழே தென்னை மரங்களின் கொண்டை, மறுபக்கம் கையை நீட்டினால் தொடும் தூரத்தில், சிமெண்டுத் தொட்டிக்குள் சத்தமே இல்லாமல் நகரும் தண்ணீர். ஆற்றின் மேல் ஆறு என்று தம்பி சொன்னான். நியாயமாகப் பார்த்தால், ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டிற்குப் பள்ளத்தில் இறங்காமல் போக வேண்டும் என்ற சைக்கிள்காரனின் ஆசையைத்தான் அங்கே தண்ணீருக்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

குலசேகரத்தில் புட்டும் பயறும் பப்படமும் தின்றுவிட்டுப் பேச்சிப்பாறைக்கு ஏறினோம். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அணை இது. கட்டிய பொறியாளர் மின்சினை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்பார்கள்; அவருடைய கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. வெளியூர் நண்பர்கள் முதலில் கேட்பது அணையைச் சுற்றி வர முடியுமா என்பதைத்தான். முடியாது. கிழக்கே நீர் காட்டுக்குள் விரல் விரலாக நுழைந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்துக் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போகிறார்கள். நமக்குக் கிடைப்பது கோதையாறு செல்லும் மலைச்சாலை மட்டும்.

அந்த ஒன்றே போதும் என்பேன். கோதையாற்றின் மின்நிலையத்தோடு சாலை முடிந்துவிடுவதால், கடந்து போகும் வண்டி என்று எதுவும் இல்லை. எப்போதாவது வரும் அரசுப் பேருந்து, தோட்டத் தொழிலாளரின் இருசக்கர வாகனம், அவ்வளவுதான். இருபுறமும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். பால்வெட்டு முடிகிற நேரத்தில் ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றபோது பக்கத்து மரத்தைக் கவனித்தேன். பட்டையில் சாய்வாக, அரைத் திருகாணி போல ஓடும் புதிய வெட்டு. அதன் கீழ்நுனியில் அடித்த தகரத்தின் வழியே பால் ஒரு நூலாக இறங்கி, கம்பியில் கட்டிய கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது. நூல் அறுந்து சொட்டாக மாறும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வாளியோடு வந்த பெண், “யானை நிக்குதாண்ணு பாத்துப் போங்க, காலையில ஈற்றைக் காட்டுல சத்தம் கேட்டுது” என்றார். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மேல்கோதையாற்றுக் காட்டில் கொண்டுவந்து விட்டதிலிருந்து எங்கள் மாவட்டத்தில் எந்தக் கிளை முறிந்தாலும் அவன் நினைவுதான் வரும். தம்பி தொப்பியைக் கழற்றிக் காதை விடுவித்துக்கொண்டான். மேலும் இரண்டு வளைவு போய்ப் பார்த்துவிட்டு, வீரம் போதும் என்று திரும்பினோம்.

பிற்பகலில் சிற்றாறு அணைகளின் பக்கமாக வந்து, பத்துகாணியில் அத்தை வீட்டில் தங்கினோம். மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும்.

மறுநாளின் வழி வேறு சாதி. கேரளத்தின் நெய்யாறு அணை 1958-இல் எழுந்தது. அதன் இடதுகரைச் சானல் விளவங்கோடு வட்டத்திற்குள் வந்து, இடைக்கோடு, பளுகல் பக்கத்திலிருந்து கொல்லங்கோடு வரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை நனைத்துக்கொண்டிருந்தது. 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சானல் மட்டும் அப்படியே கிடக்கிறது. உள்ளே புல்லும் காட்டுச் சேம்பும் ஆளுயரத்திற்கு நிற்க, சில இடங்களில் கரைக்காரர்கள் அதற்குள்ளேயே வாழை நட்டிருக்கிறார்கள். சரிவு என்னவோ பழைய சரிவுதான், ஓட்டுவதற்குச் சுகமாகவே இருந்தது. சுகமாக இருந்ததுதான் உறுத்தியது. மதகின் சக்கரம் துருவேறி இறுகிப்போயிருந்த ஓரிடத்தில், என் பின்சக்கரத்தில் உடைந்த பாட்டிலின் கண்ணாடி ஏறியது. ஆளில்லாத கரைகளில் மாலை வேளைகளில் கூடும் கூட்டத்தின் கைங்கரியம் அது. 32 மில்லிமீட்டர் டயரும் இரண்டு மாற்றுட்யூபும் இல்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. ட்யூப் மாற்றும் வரை நிழல் தந்த வீட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழில் தம்பியிடம் தம் ஏலாவின் கதையைச் சொன்னார்: மூன்று பறை நெல் விதைத்த நிலம், இப்போது பாதி ரப்பர், பாதி வீட்டுமனை.

கொல்லங்கோட்டிலிருந்து இறங்கினால் கடல். எல்லையில் நீரோடி, அதற்கு அப்பால் கேரளத்தின் பொழியூர், பூவாறு. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மீனவக் கிராமங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன: மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை. மாதக் கணக்கில் ஆழ்கடலில் சுறா பிடிக்கும் ஊர்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் இங்கேதான் அதிகமான வீடுகளில் விளக்கை அணைத்தது. ஊர்களுக்குப் பின்புறம், கடலுக்கு இணையாக, 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கிடக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளம் போக வேண்டும் என்று எண்ணியது, மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. இப்போது ஆகாயத்தாமரையும் தேங்காய்க் கதம்பை ஊறும் நாற்றமுமாக இருக்கிறது. கரையில் ஓட்ட முடிந்த இடங்களில் ஓட்டினோம், மற்ற இடங்களில் ஊருக்குள் புகுந்து கடற்கரைச் சாலைக்கு வந்தோம்.

அந்தச் சாலையைப் போல ஆளொழிந்த சாலையை இந்த இரண்டு நாளில் நாங்கள் பார்க்கவில்லை. வலப்புறம் கடல், இடப்புறம் வீடுகள், முன்னால் வெறுமை. தம்பி கையை விட்டுவிட்டு ஓட்டினான். ஒரு வளைவு தாண்டியதும் காரணம் தெரிந்தது: தார் பாதி அகலத்திற்குக் கடித்து எடுக்கப்பட்டிருந்தது, மின்கம்பம் ஒன்று கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கடலடி வரும் மாதங்களில் அலை இந்தச் சாலையைத் தாண்டி வீட்டுக்குள் வருமாம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தோம்.

அங்கே ஒரு வீட்டு வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த அம்மையிடம் சங்கிலியில் ஏறிய உப்பைக் கழுவத் தண்ணீர் கேட்டோம். குடத்தோடு கொண்டுவந்து ஊற்றினார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். மலையிலிருந்து, லாரி இல்லாத வழியாகப் பார்த்துப் பார்த்து வருகிறோம் என்று தம்பி பெருமையாகச் சொன்னான்.

“லாரி இல்லாத வழியா?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சாய்ந்த கம்பத்தைக் காட்டினார்கள். “அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு போடக் கல்லு வரும் வரும்ணு நாங்க எத்தற வருசமாக் காத்துக் கெடக்கோம் மக்களே. அங்க ஓடுத லாரியில நாலெண்ணத்தை இஞ்ச திருப்பி விடச் சொல்லுங்க.”

கணபதியான்கடவுப் பாலத்தில் ஆற்றைக் கடந்து தேங்காப்பட்டணத்துக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பேச்சிப்பாறைக்குக் கீழே விட்டுவந்த கோதையாறு, பறளியாற்றோடு கலந்து, குழித்துறை வழியாக இங்கே வந்து கடலில் விழுகிறது. பொழிமுகத்துக் கல்லணையின் மேல் ஏறி உட்கார்ந்தோம். ஒவ்வொரு கல்லும் ஆள் உயரம். எங்கள் பக்கத்து மலைகளில் உடைக்கும் அதே கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கல். வீட்டுக்குத் திரும்பும்போது பெருஞ்சாலையில் மூன்று டாரஸ் எங்களை முந்திக்கொண்டு களியக்காவிளைப் பக்கம் போயின.