1893 ஐஸ் ஹாக்கி சீசனை சார்ட் பேப்பர்ல திரும்ப ஆடிப் பாத்தது

ஐஸ் ஹாக்கியோட பெரிய கோப்பையான ஸ்டான்லி கப்ப முதல் முதல்ல குடுத்த சீசன் 1893. கனடா அமெச்சூர் ஹாக்கி அசோசியேஷன், அஞ்சே டீம் (மான்ட்ரியல், ஒட்டாவா, க்யூபெக், விக்டோரியாஸ், கிரிஸ்டல்ஸ்), மொத்தமே 20 மேட்ச், ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. இதை டைனிங் டேபிள்ல டைஸ் உருட்டி முழுசா திரும்ப ஆடணும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு, இந்த மழைக்கு ஒருவழியா ஆரம்பிச்சு முடிச்சாச்சு. எதிர்ல உக்காந்து ஆடினது தம்பி. அவனுக்கு ஐஸ் ஹாக்கின்னா என்னன்னே தெரியாது, அதுவே ஒரு வசதியா போச்சு, ஏன்னா இன்னைக்கு டிவில வர்ற ஆட்டம் தெரிஞ்சவங்களுக்கு தான் அந்த காலத்து ரூல் ஏறவே ஏறாது.

முதல்ல போர்டு. மான்ட்ரியல் விக்டோரியா ரிங்க்ல, அதாவது ஐஸ் மைதானத்துல, ஐஸ் 204 அடி நீளம், 80 அடி அகலம். 1875 மார்ச் 3ல முதல் இன்டோர் மேட்ச்னு சொல்ற ஆட்டம் நடந்தது இங்க தான், இன்னைக்கு என்எச்எல்னு சொல்ற வட அமெரிக்க பெரிய லீக்ல ரிங்க் 200க்கு 85, பெருசா மாறவே இல்ல பாருங்க. பத்து அடிக்கு ஒரு இன்ச்னு வச்சு சார்ட் பேப்பர்ல 20.4க்கு 8 இன்ச் கட்டம் போட்டேன். ஆளுங்க சட்டை பட்டன், ஒரு சைடுக்கு ஏழு. கோல் வெறும் ரெண்டு கம்பம், 6 அடி இடைவெளி, 4 அடி உயரம், வலை எல்லாம் அந்த நூற்றாண்டு முடியுற நேரத்துல தான் வந்துச்சு. ஸ்கேல்படி கம்பம் ஒரு சென்டிமீட்டர், தீக்குச்சிய ஒடிச்சு நட்டா கச்சிதமா இருக்கு. ஆனா நடுவுல ஒரு பட்டன வச்சா கோலே முக்கால்வாசி அடைஞ்சு போச்சு, அதனால கோல்கீப்பருக்கு மட்டும் சிவப்பு தலை குண்டூசி. அதுவும் ஒரு வகைல பொருத்தம் தான், அந்த ரூல்ல கோல்கீப்பர் படுக்க கூடாது, முட்டி போட கூடாது, உக்காரவும் கூடாது, நின்னுகிட்டே தான் தடுக்கணும். விழுந்து தடுக்கலாம்னு என்எச்எல் சொன்னதே 1917-18 சீசன்ல தான்.

பக்குக்கு, அதாவது ஹாக்கில பந்துக்கு பதிலா இருக்கிற வட்டுக்கு, மிளகு வச்சு பாத்தோம், ஃபேன் போட்டா ஓடிடுது. அப்புறம் அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு, கறுப்பு, வட்டம். பக்க யார் வச்சிருக்கானோ அந்த பட்டன் தலைல பொட்ட ஒட்டிட்டா போதும், பாஸ் பண்ணும்போது நகத்தால உரிச்சு அடுத்த பட்டன்ல ஒட்டணும். நாலஞ்சு மேட்ச்ல பசை போயிடும், புதுசு மாத்தணும். நிஜ பக் 3 இன்ச் ரப்பர் வட்டு, ஸ்கேல்படி பாத்தா மணல் அளவு தான் வரும், அத விட்டுடலாம்.

ஆட்டத்த புரட்டி போடுறது ஒரே ரூல் தான், முன்னாடி பாஸ் பண்ண கூடாது. ரக்பி மாதிரி, பக்க வச்சிருக்கவனுக்கு பின்னாடியோ பக்கவாட்டுலயோ தான் கூட்டாளி நிக்கணும். எல்லா இடத்துலயும் முன்னாடி பாஸ் பண்ணலாம்னு ஆனது 1929ல. போர்டுல இது என்ன பண்ணுதுன்னா நாலு ஃபார்வர்டும் ஒரே வரிசையா தான் ஏற வேண்டி இருக்கு, ஒருத்தன் அவசரப்பட்டு ஒரு கட்டம் முந்தினாலும் அவன் செத்த பட்டன், திரும்பி வர்ற வரைக்கும் எதுக்கும் உதவ மாட்டான். தம்பி முதல் மேட்ச்ல ஒரு பட்டன நேரா என் கோல் வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டு, "அக்கா, இங்க தள்ளினா கோலு"ன்னு சிரிக்கிறான். தள்ள முடியாதுடான்னா "இதெல்லாம் போங்காட்டம், ஆள் சும்மா நிக்கிறான்ல, குடுத்தா என்ன"ன்னு ஒரு அரை மணி நேரம் சண்டை.

டிஃபென்ஸ் இன்னும் வித்தியாசம். இப்ப மாதிரி ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நிக்கிறது இல்ல, கோல்கீப்பருக்கு முன்னாடி பாயின்ட்னு ஒருத்தன், அவனுக்கும் முன்னாடி கவர் பாயின்ட்னு ஒருத்தன், ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா. இவங்க வேலை பக்க பிடிச்சு ஸ்டிக்கால அப்படியே தூக்கி எதிர் கோடில எறியறது. முதல்ல இது வேஸ்ட்னு தான் தோணுச்சு, சொந்த ஆள் முன்னாடி போய் எடுக்க முடியாதே. ஆனா மாத்தி ஆள் இறக்க வழி இல்லாம அதே ஏழு பேர் 30 நிமிஷம் 30 நிமிஷம்னு ரெண்டு பாதி ஓடணும், அதுக்காக ரெண்டாவது பாதில பட்டனுக்கு ஒரு கட்டம் வேகம் குறைக்கிற மாதிரி வச்சிருந்தோம், அப்போ தான் புரிஞ்சுது, அந்த தூக்கி எறியறது மூச்சு வாங்க கிடைக்கிற ஒரே இடம்.

எல்லா மேட்ச்சயும் பட்டன் வச்சு ஆடினா பொங்கல் தாண்டிடும், அதனால முக்கியமான மேட்ச் மட்டும் போர்டுல, மத்தது வெறும் டைஸ். டீமுக்கு 12 அட்டாக், ரெண்டு டைஸ் கூட்டி 9க்கு குறையாம வந்தா கோல். ஒட்டாவா அடிச்சா 8 போதும், க்யூபெக் மேல அடிச்சா இன்னும் ஒண்ணு குறைச்சல், மான்ட்ரியல் மேல அடிக்கிறவங்களுக்கு ஒண்ணு கூட. சீசன் கடைசில ஐஸ் இளகுறதுக்கு ஒரு தனி உருட்டு, ஏன்னா கூரை இருந்தாலும் அது குளிர்ல தானா உறைஞ்ச ஐஸ் தான், மெஷின் கிடையாது, ஜனவரில ஆரம்பிச்சு மார்ச்சுக்குள்ள முடிச்சாகணும். மான்ட்ரியல் கோல் போட்டா யார் போட்டதுன்னு இன்னொரு டைஸ், 1ஓ 2ஓ விழுந்தா ஹேவிலேண்ட் ரூத். அவரோட நிஜ கணக்கு 12 கோல், டீமோட 38ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, டைஸுக்குன்னே அளந்து வச்ச மாதிரி.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நிஜத்துல மான்ட்ரியல் ஹாக்கி கிளப் 8ல 7 ஜெயிச்சுது, போட்டது 38 வாங்கினது 18. ஒட்டாவா 6 ஜெயிச்சு 2 தோத்தாங்க, ஆனா போட்டது 49, வாங்கினது 22. கிரிக்கெட்ல நெட் ரன் ரேட் பாக்கிற கண்ணோட பாத்தா ஒட்டாவா 27 கோல் மேல, மான்ட்ரியல் 20 தான். கோல் கணக்க வச்சு எத்தன ஜெயிச்சிருக்கணும்னு போட்டா ரெண்டு பேருக்கும் ஆறரை சொச்சம் வருது, ஒட்டாவாவுக்கு ஒரு முடி கூட. டேபிள்ல திரும்ப திரும்ப உருட்டினதுலயும் அதே கதை தான், ஒரு தடவை இவங்க ஒரு தடவை அவங்க, கொஞ்சம் ஒட்டாவா பக்கம் சாயுது. கீழ இன்னும் கூத்து. க்யூபெக் 46 கோல் வாங்கியும் 2 மேட்ச் ஜெயிச்சுது, விக்டோரியாஸ் 35 மட்டும் வாங்கி ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு, சீசன்ல ட்ரா ஆன ஒரே மேட்ச்சும் இவங்க ரெண்டு பேருக்குள்ள தான். என் டேபிள்ல விக்டோரியாஸ் ஒரு தடவை கூட கடைசில வரல, க்யூபெக் தான் அடியில.

ஆக எட்டே மேட்ச் வச்சு யார் பெரியவன்னு முடிவு பண்றதுல அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்குன்னு பாருங்க. அதுவும் அந்த வருஷம் கப்புக்குன்னு தனி மேட்ச் கிடையாது, லீக்ல முதல்ல வந்தவங்களுக்கே குடுத்துட்டாங்க. பத்து கினி, அதாவது 48.67 டாலர் குடுத்து லண்டன்ல வாங்கின வெள்ளி கிண்ணம், உயரம் 18.5 சென்டிமீட்டர், நம்ம வீட்டு பாயசம் ஊத்துற பாத்திரம் இதவிட பெருசு. அதையும் கிளப்புக்கு நேரா குடுக்காம அவங்க தாய் சங்கமான மான்ட்ரியல் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன்கிட்ட குடுக்க போக, கிளப்காரங்க முறுக்கிகிட்டு மாசக்கணக்கா இழுத்துது. கப்ப குடுத்த கனடா கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1893 ஜூலைல இங்கிலாந்து திரும்பிட்டார், கப்புக்கான ஒரு மேட்ச் கூட அவர் பாக்கல.

அடுத்து 1894. அதுல மான்ட்ரியல், ஒட்டாவா, விக்டோரியாஸ், க்யூபெக் நாலுமே 5 ஜெயிப்பு 3 தோல்வி, கிரிஸ்டல்ஸ் எட்டும் தோல்வி. சமமா நின்னவங்களுக்குள்ள முடிவு பண்ண வச்ச ப்ளேஆஃப்ல இருந்து க்யூபெக் விலகிடுச்சு, மார்ச் 17 மான்ட்ரியல் விக்டோரியாஸ 3-2ல ஜெயிச்சு, 22ந்தேதி ஒட்டாவாவ 3-1ல ஜெயிச்சு கப்ப வச்சுகிட்டாங்க. தம்பி இப்பவே க்யூபெக்க பிடிச்சுட்டான், விலக மாட்டானாம், நாலு டீமுக்கும் ஒழுங்கா செமி ஃபைனல் போடணுமாம். பொட்டு பாக்கெட் ரெண்டு கூட வாங்கணும்.